தாய்ப்பலகை வாங்கப் போகிறீர்களா?

இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தெருவைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தெருவிளக்கு எரிந்தால் கோளாறு நம் வீட்டில்தான் என்று பொருள். உடனே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையை இழுத்துப் பார்ப்பார்கள். புது வீடுகளில் அதன் இடத்தை எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு பிடித்துக்கொண்டுவிட்டது. பழைய வீடுகளிலும் பம்புசெட் கொட்டகைகளிலும் அந்தக் கட்டையை இன்றும் காணலாம்.

இத்தகைய கட்டைகளுக்கும் மற்றப் பீங்கான் பொருள்களுக்கும் பெயர் பெற்ற ஊர் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது; செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்விநிலையமும் உண்டு. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண்ணடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண் கலந்திருப்பது இத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது.

பீங்கான் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கணிப்பொறியைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியைச் சிக்கனமாகச் சேர்த்துக் கட்ட விரும்பும் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி அந்தப் பியூஸ் கட்டையின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை கையில் எடுக்கும்போது (மெயினை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் துணையுடன்தான்!) அதைப் படித்துப் பாருங்கள். '16 ஆம்பியர்' என்றோ '32 ஆம்பியர்' என்றோ எழுதியிருக்கும். ஒரு வீட்டுக்கு அவ்வளவு மின்னோட்டம் போதும்.

இனி ஒரு சிறு கணக்கு. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. சாதாரண விளையாட்டுக் கணிப்பொறியின் செயலி 65 வாட் திறன் கொண்டது என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அது வேலை செய்யும் மின்னழுத்தமோ ஏறத்தாழ 1.2 வோல்ட்தான்; ஒரு டார்ச் செல் தரும் 1.5 வோல்ட்டைவிடக் குறைவு. 65ஐ 1.2ஆல் வகுத்துப் பாருங்கள். 54 ஆம்பியர் வரும்! உங்கள் வீடு முழுவதற்கும் போதிய மின்னோட்டத்தைக் காட்டிலும் மிகுதியான மின்னோட்டம் ஒரு பிஸ்கட்டின் அளவுள்ள சில்லுக்குள் போகிறது. வேலை கூடும் நேரங்களில் இந்த 65 வாட் என்ற எல்லையையும் செயலி தாண்டும். இன்டெல் நிறுவனத்தின் 'கோர் ஐ5-12400' என்ற செயலிக்கு அடிப்படைத் திறன் 65 வாட். உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கலாம் என்று அந்நிறுவனமே சொல்கிறது. அப்போது மின்னோட்டம் 100 ஆம்பியரை நெருங்கிவிடும்.

இவ்வளவையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையுடையது. கடைக்காரர்கள் சுருக்கமாக 'போர்டு' என்பார்கள். சிக்கனமாக வாங்குபவர் அதில் கவனிக்க வேண்டிய முதல் இடமும் இதுவே.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தாய்ப்பலகை விளையாட்டை வேகமாக்குவதில்லை. திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் ஓடும் என்பதைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டும், அடுத்தபடியாகச் செயலியும் தீர்மானிக்கின்றன. ஒரே செயலியை நடுத்தர விலைப் பலகையிலும், அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள பலகையிலும் பொருத்தி விளையாடினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மட்டமான பலகை விளையாட்டைத் தடுக்க முடியும். தடுக்காத அளவுக்கு நல்லதாக ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே சிக்கனக்காரரின் வழி.

மின்சாரத்தைப் பங்கிடும் வேலை

கணிப்பொறிப் பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி, சுவர் பிளக்கின் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தாய்ப்பலகைக்குக் கொடுக்கிறது. 12 வோல்ட்டைச் செயலிக்கு நேராகக் கொடுத்தால் அது அந்தக் கணமே எரிந்துபோகும். அதை 1.2 வோல்ட்டாகக் குறைப்பதற்குப் பலகையில் செயலிக் குழியைச் சுற்றி ஒரு தனிப் படையே நிற்கிறது.

அது எப்படிக் குறைக்கிறது? ஒரு மின்தடையைக் குறுக்கே போட்டுக் குறைக்கலாம்; ஆனால் அப்படிச் செய்தால் பத்தில் ஒன்பது பங்கு ஆற்றல் வெறும் சூடாகப் போய்விடும். எனவே வேறு தந்திரம் செய்கிறார்கள். மாஸ்பெட் என்னும் டிரான்சிஸ்டர், கதவைத் திறந்து மூடுவதுபோல, 12 வோல்ட்டை நொடிக்குச் சில லட்சம் முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கதவு திறந்திருந்தால் சராசரி மின்னழுத்தம் 1.2 வோல்ட்தானே? இந்த விட்டுவிட்டு வரும் துடிப்பைச் சீரான ஓட்டமாக்கும் வேலையைத் தூண்டுசுருள்களும் மின்தேக்கிகளும் செய்கின்றன. பலகையின் படத்தைப் பார்த்தால், செயலிக் குழிக்கு இடப்பக்கமும் மேல்பக்கமும் சாம்பல் நிறத்தில் சிறு சதுரக் கட்டைகள் வரிசையாக நிற்பது தெரியும். அவைதாம் தூண்டுசுருள்கள்.

ஏன் ஒன்றுக்குப் பதில் பல கட்டைகள்? பள்ளியில் நீங்கள் படிக்கும் ஜூலின் வெப்ப விதி இங்கே உதவிக்கு வருகிறது. ஒரு பாதையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 ஆம்பியர் ஒரே பாதையில் போனால் வெப்பம் 60 × 60 = 3,600 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதையே 3 பாதைகளில் இருபது இருபதாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 400. மொத்தம் 1,200 பங்கு. ஆறு பாதைகளில் பத்துப் பத்தாகப் பிரித்தால் மொத்தம் 600 பங்குதான். செயலிக்குப் போய்ச் சேரும் மின்னோட்டம் அதே 60 ஆம்பியர். வெப்பம் மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. பாதைகளைக் கூட்டுவதால் உற்பத்திச் செலவு ஏறுகிறது. எனவே மலிவுப் பலகைகளில் முதலில் வெட்டுப்படுவது இதுவே.

பாதைகள் குறைந்து, மாஸ்பெட்டின் மேல் அலுமினிய வெப்பநீக்கித் தகடும் இல்லாத பலகையில் கனமான செயலியைப் பொருத்தினால் என்ன ஆகும்? முதல் ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகவே இருக்கும். பிறகு மாஸ்பெட்டுகள் கொதிக்கத் தொடங்கும். தன்னைக் காத்துக்கொள்ளப் பலகை செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். விளையாட்டு விட்டுவிட்டு ஓடும். 'கார்டு சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம், குற்றவாளியோ பலகை. குளிர்ந்த நாட்டில் இருந்துகொண்டு சோதித்துப் பார்த்தவர் இதைக் காணாமல் போகலாம். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில், காற்றாடி மட்டும் சுழலும் ஓட்டு வீட்டு அறையில், பெட்டிக்குள் நுழையும் காற்றே 38 அல்லது 40 பாகைச் சூட்டில் இருக்கும். ஆகையால் நம் ஊரில் அந்த அலுமினியத் தகட்டை ஆடம்பரம் என்று கருதக் கூடாது. பளபளக்கும் வண்ண விளக்குகள் இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை.

கட்டைகளை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடலாமா என்றால், அதிலும் ஓர் எச்சரிக்கை. எல்லாக் கட்டைகளும் செயலியின் மையப் பகுதிக்கு வேலை செய்வதில்லை. ஒன்றிரண்டு மற்ற உறுப்புகளுக்கு உரியவை. ஆறு கட்டை கண்ணில் பட்டால் நான்கு மட்டுமே மையத்துக்கு என்று இருக்கலாம். 65 வாட் வகைச் செயலிக்கு மையத்துக்கென நான்கிலிருந்து ஆறு பாதைகளும் மேலே ஒரு தகடும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. 250 வாட் வரை விழுங்கும் பெரிய செயலிகளுக்கு இது போதாது. அவற்றை வாங்குகிறவர் சிக்கனக் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை!

பலகையில் ஒளிந்திருக்கும் பீங்கான்

தூண்டுசுருளுக்கு ஒரு பலவீனம் உண்டு. மின்னோட்டம் திடீரென மாறுவதை அது எதிர்க்கும். அதன் இயல்பே அப்படி. செயலியோ பொறுமை இல்லாதது. திரையில் ஒரு குண்டு வெடித்தால் போதும், நொடியின் கோடிக்கணக்கில் ஒரு பங்கு நேரத்திற்குள் அதன் தேவை பல மடங்கு ஏறிவிடும். அந்தச் சிறு இடைவெளியில் யார் மின்சாரம் கொடுப்பது?

வீட்டுக் குளியலறையை எண்ணிப் பாருங்கள். மாடியில் பெரிய தொட்டி இருக்கிறது. ஆனால் குழாயில் நீர் மெல்லத்தான் வருகிறது. பக்கத்தில் நிரம்பிய வாளி ஒன்று இருந்தால் கை நீட்டி உடனே மொண்டுகொள்ளலாம். குழாய் மெதுவாக அதை நிரப்பிக்கொண்டிருக்கும். உருளை வடிவ மின்தேக்கிகள் மாடித் தொட்டி போன்றவை. கைக்கெட்டும் வாளிகள் யாவை என்றால், செயலிக் குழியின் நடுவிலும் பலகையின் பின்புறத்திலும் அரிசிக் குருணை போல ஒட்டியிருக்கும் பழுப்பு நிறச் சில்லுகள். மிகச் சிறிய இவை நூற்றுக்கணக்கில் உள்ளன. இவை செராமிக் மின்தேக்கிகள். பீங்கானின் ஒன்றுவிட்ட தம்பி என்று இவற்றைச் சொல்லலாம்.

விருத்தாசலத்துப் பியூஸ் கட்டை களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற மூன்றையும் அரைத்துக் கலந்து, அச்சில் வார்த்து, 1,200 பாகைக்கு மேல் சூளையில் சுட்டது. அதன் வேலை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. மின்தேக்கியின் செராமிக், பேரியம் டைட்டனேட் என்ற சேர்மத்தால் ஆனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல், இதன் வியப்பான மின்பண்பைக் கண்டறிந்தார்கள். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெற்றிடத்துக்குப் பதிலாகப் பீங்கானை வைத்தால் மின்தேக்கும் திறன் ஏறத்தாழ ஆறு மடங்காகும். பேரியம் டைட்டனேட்டை வைத்தாலோ சில ஆயிரம் மடங்காகும்!

செய்முறையும் சுவையானது. செராமிக் மாவைக் குழம்பாக்கி, தாளைவிட மிக மெல்லிய ஏடாகத் தேய்த்து, அதன் மேல் நிக்கல் மையால் தகடுகளை அச்சிடுகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி, குருணை குருணையாக வெட்டிச் சூளையில் சுடுகிறார்கள். சூட்டில் நிக்கல் துருப்பிடித்துவிடும் என்பதால் சூளைக்குள் ஆக்சிஜனை மிகமிகக் குறைத்து வைக்க வேண்டும். சுடும்போது பானை சுருங்குவதுபோல் இதுவும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சிட வேண்டும். இத்தொழிலில் ஜப்பான், கொரியா, தைவான் நாடுகள் முன்னணியில் நிற்கின்றன.

பீங்கானின் குணம் இந்தத் தம்பிக்கும் உண்டு. அமுக்கினால் தாங்கும், வளைத்தால் விரிசல் விடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பொருத்தும்போது தேவைப்படும்.

குழியும் ஆயுளும்

மின்வழங்கும் பகுதிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது செயலி உட்காரும் குழி. இது தவறினால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ஏ.எம்.4' குழி 2016இல் வந்தது. அதற்கென 2024இலும் புதுச் செயலிகள் வெளியாயின. 2017இல் இக்குழியுள்ள பலகை வாங்கியவர்களில் பலர், பலகையை மாற்றாமலேயே ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் புதுச் செயலிக்கு மாறிக்கொள்ள முடிந்தது. அதற்கு அடுத்த 'ஏ.எம்.5' 2022இல் வந்தது. 2027 வரையாவது அதற்குச் செயலிகள் தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் 'எல்.ஜி.ஏ.1700' குழி 2021இல் வந்து, 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளை ஏற்றது. 2024இல் வேறு குழி வந்துவிட்டது. கைப்பணம் குறைவாக உள்ளவருக்குப் பிற்காலத்தில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி பெரிய லாபம். ஆனால் ஏ.எம்.5 குழிக்கு டி.டி.ஆர்.5 வகை நினைவகம்தான் ஒத்துவரும், அது டி.டி.ஆர்.4ஐவிட விலை கூடியது. இன்றைய செலவைக் குறைப்பதா, நாளைய செலவைக் குறைப்பதா என்று நீங்களும் வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. எல்.ஜி.ஏ.1700 பலகைகளில் இரு வகையும் உண்டு. ஒரு பலகை ஒரு வகையைத்தான் ஏற்கும். ராமின் அடிவெட்டு இருக்கும் இடம் வேறாதலால் மாற்றிச் செருகவும் முடியாது.

குழியின் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். இன்டெல்லின் 'எல்.ஜி.ஏ.1151' இதற்கு நல்ல சான்று. 2015இல் வந்த அக்குழியின் பெயரிலேயே 2017இல் 8ஆம் தலைமுறைச் செயலிகள் வந்தன. பழைய பலகையில் அவை உட்காரும், ஆனால் இயங்கா. பழைய பொருள் வாங்குகிறவர்கள் இன்றும் இதில் ஏமாறுகிறார்கள். இதேபோல், பலகையில் எழுதப்பட்டிருக்கும் பயாஸ் என்னும் தொடக்க நிரல் பழையதாக இருந்தால் புதுச் செயலியை அதற்கு அடையாளம் தெரியாது. எனவே பலகை நிறுவனத்தின் இணையதளத்தில், அது ஏற்கும் செயலிகளின் பட்டியலில் உங்கள் செயலியின் பெயரையும், அதற்கு எதிரே எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லலாம். செயலி இல்லாமலே புதுப்பிக்கும் பொத்தான் சில பலகைகளில் உண்டு, இருந்தால் நல்லது.

இன்னும் சில சிறு செய்திகள். ஏ520, எச்610 என்பவை மலிவான பலகைகளின் பெயர்கள். பி550, பி760 நடுத்தரமானவை. மலிவு வகையிலும் நல்ல பலகைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ராம் குழிகள் பெரும்பாலும் இரண்டே இருக்கும். அது பெரிய குறையன்று. 16 ஜி.பி. தேவை என்றால் ஒரே 16ஆக வாங்காமல் இரண்டு 8ஆக வாங்குங்கள். இரு வழியாகத் தகவல் போவதால் வேகம் கூடும். பலகையின் அளவு 24.4 செ.மீ. சதுரமான 'மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.' போதும், சிக்கனப் பெட்டிகளில் எளிதாக அடங்கும்.

பலகையில் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதைப் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் வரும் என்று எண்ணிவிடுகிறார்கள். படத்தை வரைவது செயலி. இன்டெல் செயலியின் பெயர் 'எப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதற்கு வரையும் ஆற்றல் இல்லை. துளை வெறும் துளைதான். கார்டு வாங்க ஆறு மாதம் ஆகும் என்றால், வரையத் தெரிந்த செயலியாகப் பார்த்து வாங்கி, அதுவரை எளிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கலாம்.

கையில் 50,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், பலகைக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டியதில்லை. ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிய தொகை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மாதத்துக்கு மாதம் விலை மாறுவதால் தொகையைவிட விகிதமே பயன்படும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பலகைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் உருளை மின்தேக்கிகளின் தலையை உற்றுப் பாருங்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல பலகைகளில் குறையுள்ள மின்பகு நீர்மம் அடைத்த மின்தேக்கிகள் பூரி போல உப்பி வெடித்து, உலகெங்கும் பெரும் இழப்பு ஏற்பட்டது. இப்போதைய பலகைகளில் நீர்மம் இல்லாத திண்ம வகையே பெரும்பாலும் இருக்கிறது. எனினும் தலை உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, அந்தப் பலகையை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். குழிக்குள் ஊசிகள் எல்லாம் ஒரே வரிசையாக மின்னுகின்றனவா என்பதையும் சாய்த்துப் பார்க்க வேண்டும். எல்.ஜி.ஏ.1700 குழியில் 1,700 ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் தொல்லைதான்.

பலகையைப் பெட்டிக்குள் பொருத்தும்போது முன்பு சொன்ன பீங்கான் குணத்தை நினைவுகூருங்கள். பெட்டியில் உள்ள பித்தளைத் தாங்குமுனைகள் பலகையின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தாங்குமுனை இல்லாத மூலையில் ராமை அழுத்திச் செருகினால் பலகை வளையும்; கண்ணுக்குத் தெரியாத ஒரு குருணையில் விரிசல் விழும். ஆகவே ராம், செயலி, குளிர்விப்பான் மூன்றையும் பலகை வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தே பொருத்திவிட்டு, பிறகு பெட்டிக்குள் இறக்குங்கள். திருகாணிகளை ஒரு மூலையில் முழுக்க இறுக்காமல், எல்லாவற்றையும் தளர்வாக மாட்டிய பின் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். ஊசிகள் உள்ள குழியின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி செயலியைப் பூட்டும்போது தானாகக் கழன்று வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாமல் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்தில் பலகையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அந்த மூடி இல்லாமல் சில நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதில்லை.